கிராங்க் உயரம் ஒரு அங்குலம்: 1/24 அளவு டிராக் கார் ஒன்றுக்குப் பாகம் திரட்டிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த வேலை இது. எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர், 1960களின் பிற்பகுதியில் 1955ஆம் ஆண்டு ஷெவர்லே இரண்டு கதவு செடான் ஒன்றை டிராக் பந்தயத்துக்கு, அதாவது நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயத்துக்கு, மாற்றி ஓட்டியவர். கார் விற்கப்பட்டு, கைமாறி, எங்கே போனதென்று தெரியாமல் போய்விட்டது. அதன் அளவு மாதிரி ஒன்றைச் செய்து தரும்படி அவருடைய மகள், பல ஆண்டுகளாக மாதிரிக் கார் கட்டிவரும் ஒருவரிடம் கேட்டார். இந்தக் கட்டுரையில் முன்னவரை உரிமையாளர் என்றும் பின்னவரைக் கட்டுநர் என்றும் குறிப்பிடுகிறேன். வேலை நடந்த காலம் முழுவதும் கட்டுநரின் அளவுக் குறிப்புகளையும் படங்களையும் பார்த்து வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கார் ஓடியது ‘கேஸ்’ வகுப்பில். கேஸ் என்றால் பெட்ரோல். பந்தயத்துக்கென்று கலந்த எரிபொருள் கூடாது என்பதே அந்த வகுப்பின் அடிப்படை. இவ்வகைக் கார்களுக்குக் ‘கேஸர்’ என்று பெயர். டிராக் பந்தயங்களை நடத்துவதற்காக வாலி பார்க்ஸ் 1951இல் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு, காரின் எடையை எஞ்சின் கொள்ளளவால் வகுத்து இந்த வகுப்பை ஏ, பி, சி எனப் பிரித்தது. பெரிய எஞ்சின் போட்டவன் கனமான காரை இழுக்க வேண்டும். சிறிய எஞ்சின்காரனுக்கு இலேசான கார். உரிமையாளரின் எஞ்சின் 301 கன அங்குலம். ஷெவர்லே 283 எஞ்சினின் சிலிண்டரை எட்டில் ஒரு அங்குலம் பெரிதாகக் கடைந்தால் 301 வரும். அன்றைய ஒஹையோ மெக்கானிக்குகளுக்கு இது மனப்பாடமான கணக்கு.

முன் அச்சாக, வேன் ஒன்றிலிருந்து கழற்றிய ஒற்றை இரும்புத் தண்டை லீஃப் ஸ்பிரிங்குகளின் மேல் வைத்திருந்தார்கள். காரின் முன்பக்கம் தூக்கி நின்றதற்குக் காரணம் அதுதான். அலங்காரத்துக்காகச் செய்ததல்ல. அக்காலத்து டயர்களுக்குப் பிடிப்பு குறைவு. புறப்படும் கணத்தில் எடை பின்சக்கரங்களின் மேல் சாய வேண்டுமானால் காரின் எடை மையம் உயரமாக இருக்க வேண்டும்.

முதலில் கையில் இருந்தவை

நான்கு கறுப்புவெள்ளைப் படங்கள், நிறம் மங்கிய வண்ணப்படம் ஒன்று, உரிமையாளரின் நினைவு, அவருடைய கார் கொட்டகையில் தப்பிக் கிடந்த டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி. வரைபடமோ அளவுக் குறிப்போ எதுவும் இல்லை.

அந்த மூடியை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு மிகவும் உதவியது அதுதான். வண்ணப்படத்தில் கார் செம்பழுப்பாகத் தெரிந்தது. உரிமையாளரோ கரும்பச்சை என்று அடித்துச் சொன்னார். பழைய வண்ணத் தாள்களில் நீலச்சாயம் முதலில் மங்கும். படம் சிவப்புப் பக்கம் சாய்ந்துவிடும். மூடியின் உட்புற விளிம்பில், வெயில் படாத இடத்தில், விரல் நகம் அகலத்துக்கு அசல் பச்சை அப்படியே இருந்தது. அதன் பிறகு நிறம் பற்றிப் பேச்சே எழவில்லை.

பக்கவாட்டுப் படம் ஒன்று ஓரளவு நேராக எடுக்கப்பட்டிருந்தது. பின்சக்கரத்தின் அளவைக் கண்டுபிடிக்கக் கட்டுநர் அதைப் பயன்படுத்திய விதம் குறித்து வைக்கத்தக்கது. சக்கர விளிம்பு 15 அங்குலம் என்று உரிமையாளருக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் 15 அங்குலம் என்பது டயர் அமரும் இடத்தின் விட்டம். வெளியே கண்ணுக்குத் தெரியும் உதடு அதைவிடப் பெரியது, ஏறத்தாழ 16.4 அங்குலம். படத்தில் டயரின் விட்டம் அந்த உதட்டைப் போல 1.75 மடங்கு இருந்தது. அப்படியானால் டயர் 28.7 அங்குலம். உதட்டையே 15 என்று எடுத்துக்கொண்டிருந்தால் 26.25 அங்குலம்தான் வந்திருக்கும், மாதிரியில் 2.6 மில்லிமீட்டர் குட்டையான டயர் மாட்டியிருப்பார்கள். பந்தய டயரின் அடிப்பகுதி தரையில் நசுங்கியிருக்கும் என்பதால், அவர் மையத்திலிருந்து மேல் விளிம்பு வரை அளந்து இரட்டித்தார்.

எந்த அளவில் கட்டுவது

பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் தொகுப்புகளான அமெரிக்கக் கார் கிட்களில் இரண்டு அளவுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஏ.எம்.டி. நிறுவனத்தின் வழக்கமான அளவு 1/25. மோனோகிராம் பெரும்பாலும் 1/24. இரண்டுக்கும் நூற்றுக்கு நான்கு பங்குதான் வேறுபாடு. காகிதத்தில் அற்பமாகத் தெரியும். 1955 ஷெவர்லேயின் முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை 115 அங்குலம். 1/24இல் அது 121.7 மி.மீ., 1/25இல் 116.8 மி.மீ. ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப்போன சக்கரத்தை எந்தக் கண்ணும் பிடித்துவிடும்.

கட்டுநரின் பாகப் பெட்டியில் இருந்த எஞ்சின்களும் சக்கரங்களும் பெரும்பாலும் 1/25. ஏ.எம்.டி. 1958இல் தொடங்கிய மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்களின் மரபில் வந்தவர்களுக்கு இந்தப் பெட்டி தானாகவே சேர்ந்துவிடும். ஒரே கிட்டில் சாதாரணக் கார், அலங்காரக் கார், பந்தயக் கார் என மூன்றுக்கும் பாகம் தந்தார்கள். ஒன்றைக் கட்டினால் மீதி பெட்டிக்குப் போகும். ஆனால் அவருக்குக் கைக்கெட்டிய 1/25 உடல்கள் நடுத்தூண் இல்லாத ஹார்ட்டாப் வகை. உரிமையாளரின் கார் கதவுக்குப் பின்னால் தூண் உள்ள செடான். இரண்டின் கூரைக் கோடும் வேறு. ஹார்ட்டாப் கூரையைச் செடானாக மாற்றுவது வெறும் தூண் ஒட்டும் வேலையல்ல; கூரையின் உயரத்தையும் பின் கண்ணாடியின் சாய்வையும் புதிதாக உருவாக்க வேண்டும்.

தூண் உள்ள செடான் உடல், பழைய 1/24 கிட் ஒன்றின் மறுவெளியீட்டில் கிடைத்தது. உடலுக்காக 1/24ஐத் தேர்ந்தெடுத்தார்கள். என் கணிப்பில் இந்த வேலையின் சிறந்த முடிவு இதுதான். பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது உடலின் கோடு. உடல் சரியாக இருந்தால், உள்ளே போகும் பாகத்தின் பெட்டியில் 1/25 என்று எழுதியிருப்பது பொருட்டல்ல. அந்தப் பாகத்தை 24ஆல் பெருக்கினால் வரும் அளவு நிஜத்தில் இருந்ததா என்பதே கேள்வி.

டயரில் இது உடனே பலன் தந்தது. கிட்டுடன் வந்த பின் டயரின் அகலம் 14 மி.மீ. 24ஆல் பெருக்கினால் 13 அங்குலத்துக்கு மேல். உரிமையாளர் ஓட்டியது பத்து அங்குல ஸ்லிக், அதாவது பள்ளக்கோடு இல்லாத வழவழப்பான பந்தய டயர். பெட்டியிலிருந்த 1/25 ஸ்லிக் ஒன்று 30.5 மி.மீ. விட்டமும் 10.8 மி.மீ. அகலமும் இருந்தது. 1/24 கணக்கில் 28.8 அங்குல விட்டம், 10.2 அங்குல அகலம். படத்திலிருந்து எடுத்த அளவோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்தியது.

பாகங்கள் வந்து சேர்ந்தது

முன் சக்கரங்களை முப்பரிமாண அச்சில் வார்ப்பவர் ஒருவரிடமிருந்து வாங்கினார்கள். முதல் தொகுதி பொருந்தவில்லை. ஒரே கோப்பைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் இரண்டு அளவிலும் விற்பது இத்தொழிலில் வழக்கம். அப்போது மையத் துளையும் சேர்ந்தே மாறிவிடும். இரண்டாவது முறை மில்லிமீட்டரில் விட்டமும் துளையும் கேட்டு எழுதிய பிறகே பணம் அனுப்பினார்கள்.

கிட் விவகாரம் இதைவிடச் செலவு வைத்தது. பழைய கிட் ஒன்று “முழுமையானது” என்ற விவரத்துடன் விற்பனைக்கு வந்தது. புதிய மறுவெளியீட்டைவிட மலிவு. வாங்கிப் பிரித்தால் முன்கண்ணாடி இல்லை. மற்ற எந்தப் பாகம் இல்லாமல் போயிருந்தாலும் கட்டுநர் செய்துகொண்டிருப்பார். 1955 ஷெவர்லேயின் முன்கண்ணாடி இரு ஓரமும் பின்னோக்கி வளைந்து சுற்றிவரும் வகை. தட்டையான பிளாஸ்டிக் தகட்டை வளைத்து அந்த வடிவத்தைப் பெற முடியாது. அச்சு செய்து, சூடாக்கி, வெற்றிடத்தில் உறிஞ்சி எடுக்க வேண்டும். கடைசியில் மறுவெளியீட்டையும் வாங்கி அதன் கண்ணாடியை எடுத்தார்கள். இரண்டு கிட்டின் விலையில் ஒரு உடல். மிஞ்சியவை பெட்டிக்குப் போயின என்பது ஆறுதல்.

குரோம் பூசிய பாகங்கள் எல்லாவற்றையும் வீட்டு ப்ளீச்சிங் திரவத்தில் ஊறவைத்து வெளுத்தார்கள். பளபளப்பு போய்விடும், அடியிலிருக்கும் மெல்லிய வார்னிஷ் படலம் போகாது. அதையும் எடுத்த பிறகுதான் பாகத்தின் உண்மையான விளிம்புகள் தெரியும். குரோம் மேல் ஒட்டுப்பசை பிடிக்காது என்பதும் ஒரு காரணம்: பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைப்பது. நடுவே உலோகப் படலமும் வார்னிஷும் இருந்தால் அது கரைக்க எதுவும் இல்லை.

முன்பக்கத்தின் உயரம்

மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் அதிக நேரம் போனது.

கிட்டின் அச்சையும் ஸ்பிரிங்கையும் அப்படியே வைத்து, எஞ்சினை நாடாவால் ஒட்டி, சக்கரம் மாட்டி, ஒட்டாமல் நிறுத்திப் பார்த்தார்கள். பார்க்க மிக நன்றாகவே இருந்தது. கட்டுநரின் மாதிரிக் கார் குழுவில் பார்த்தவர்களும் அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். படத்தை உரிமையாளருக்கு அனுப்பியபோது வந்த பதில்: “இப்படி நின்றிருந்தால் சோதனையிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.”

என்.எச்.ஆர்.ஏ. கேஸ் வகுப்பு விதிகளில், எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் மையம் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. காரை எவ்வளவும் தூக்கலாம் என்று விட்டால் ஆளுக்கு ஆள் ஏணி வைத்து ஏறுவார்கள் என்பதால் போட்ட வரம்பு. உரிமையாளருக்கு அந்த எண் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மறக்கவில்லை. வரைபடம் இல்லாத காருக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. படத்தில் தெரியாத உயரம் விதிப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது.

1/24இல் 24 அங்குலம் என்பது சரியாக ஒரு அங்குலம், 25.4 மி.மீ. கட்டுநர் ஒரு அங்குல உயரத்துக்குப் பித்தளைத் துண்டு ஒன்றை அறுத்து அரத்தால் தேய்த்து, கண்ணாடித் தகட்டின் மேல் காரின் முன்னால் வைத்தார். அந்தத் தண்டின் முன்முனையிலுள்ள கிராங்க் புல்லியின் மையம் பித்தளைத் துண்டின் மேல் விளிம்பிலிருந்து 2.6 மி.மீ. உயரத்தில் நின்றது. நிஜக் காரில் சுமார் இரண்டரை அங்குலம். அந்தக் கிட் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியின் மேல் படம் விற்க வேண்டும். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கேஸர் என்றாலே மூக்கை வானத்துக்குத் தூக்கிய கார் என்றுதான் பதிந்திருக்கிறது.

இறக்குவதற்கு மூன்று வழிகள் இருந்தன. எஞ்சினை மட்டும் கீழே தாழ்த்தலாம். ஆனால் எண்ணெய்த் தொட்டி அச்சுத் தண்டில் இடிக்கும். ஸ்பிரிங்கை மட்டும் தாழ்த்தலாம். அப்போது டயரின் மேல் விளிம்புக்கும் சக்கர வளைவுக்கும் உள்ள இடைவெளி படத்தில் இருப்பதைவிடக் குறைந்துவிடும். சிறிய டயர் போடலாம். படமே அதற்கு எதிர்ச்சாட்சி. கடைசியில் இரண்டைப் பங்கிட்டார். ஸ்பிரிங்கின் அடியில் இருந்த கட்டையை 1.8 மி.மீ. மெலிதாக்கினார். எஞ்சின் தாங்கியை 0.8 மி.மீ. தாழ்த்தினார். டயருக்கும் வளைவுக்கும் இடைவெளி படத்தோடு ஒத்துப்போனது. எண்ணெய்த் தொட்டிக்கும் அச்சுக்கும் நடுவே தாள் ஒன்று நுழையும் அளவு மிஞ்சியது.

காட்சிக்கு வைத்தால் நடுவர்களுக்கு உயர்ந்த முன்பக்கம்தான் பிடிக்கும் என்று குழுவில் ஒருவர் வாதிட்டார். இருக்கலாம். ஆனால் இந்தக் காரை ஓட்டியவர் உயிரோடு இருக்கிறார். அவருக்காகவே இது கட்டப்படுகிறது. எனக்கு அந்த வாதத்தில் எடை தெரியவில்லை.

எஞ்சின்

பெட்டியிலிருந்த 1/25 சிறிய ஷெவர்லே வி8ஐப் பயன்படுத்தினார்கள். இருக்க வேண்டியதைவிட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளம் குறைவு. அது இங்கே உதவவே செய்தது. இந்த எஞ்சினில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்புறம், ஓட்டுநர் அறைச் சுவரை ஒட்டி நிற்கும். எஞ்சினைப் பின்னால் தள்ளி வைக்க வகுப்பு விதி அனுமதித்தது. அச்சுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை, முன் அச்சின் மையத்திலிருந்து முதல் ஸ்பார்க் பிளக் வரை அளந்து. உரிமையாளர் முழு அனுமதியையும் பயன்படுத்தவில்லை. சுவரைச் சுத்தியலால் குழித்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடம் செய்ததாகச் சொன்னார். மாதிரியிலும் அந்த இடத்தை வெட்டி, உள்ளே குழிந்த மெல்லிய தகடு ஒன்றை ஒட்டினார்கள். சுத்தியல் அடித்த தடம் தெரிய வேண்டும் என்று அதை வேண்டுமென்றே வழவழப்பாக்கவில்லை.

ஹில்பார்ன் எரிபொருள் இன்ஜெக்‌ஷனின் எட்டுக் குழல்களும் கிட் பாகத்தில் வாய் அடைத்த முளைகளாக இருந்தன. அவற்றை அறுத்து எறிந்துவிட்டு, 3/32 அங்குல அலுமினியக் குழாயைத் துண்டுகளாக்கினார்கள். 1/24இல் அது இரண்டேகால் அங்குலக் குழல். ஒவ்வொரு துண்டின் வாயிலும் உருண்டை முனைக் கருவியை வைத்து மெல்ல உருட்டினால் விளிம்பு வெளிப்பக்கம் விரியும். அவசரப்பட்டு அழுத்தினால் கிழிந்துவிடும். குழாயை முதலில் மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி மென்மையாக்கிய பிறகு கிழிவது குறைந்தது.

ஸ்பார்க் பிளக் வயர் நிஜத்தில் 7 மி.மீ. தடிமன். 1/24இல் 0.29. கடையில் ‘1/25 பிளக் வயர்’ என்று விற்கும் பல கம்பிகள் அரை மில்லிமீட்டருக்கு மேல். மாட்டினால் எஞ்சினைத் தோட்டக் குழாய் சுற்றியதுபோல் இருக்கும். மின் மோட்டார் சுருளிலிருந்து உரித்த 0.3 மி.மீ. கம்பிக்குக் கறுப்பு அடித்துப் பயன்படுத்தினார்கள். 1-8-4-3-6-5-7-2 என்ற தீப்பொறி வரிசைப்படியே இணைத்தார்கள். யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை என்று நினைக்க வேண்டாம். உரிமையாளர் எண்ணிப் பார்த்தார்.

எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு 1.6 மி.மீ. சால்டர் கம்பி. உரிமையாளர் சொன்ன ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு 1.85 வேண்டும்; கடையில் 1.6ம் 2ம்தான் இருந்தன. பிரைமரும் வெள்ளைப் பெயின்டும் ஏறினால் சற்றுத் தடிக்கும் என்பதால் சிறியதை எடுத்தார்கள். கம்பியில் ஈயம் இருந்ததால் வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் கை கழுவல் கட்டாயம்.

உடலும் பூச்சும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அச்சுக் கோடுகளைத் தேய்த்து, குழிகளில் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்தார்கள். உண்மையான கார் பெயின்டைப் பயன்படுத்தும் யோசனை கைவிடப்பட்டது. அதன் உலோகத் துகள்கள் மாதிரியின் அளவில் கூழாங்கல்போல் தெரியும். பிரைமர் மெலிந்த இடத்தில் அதன் கரைப்பான் பிளாஸ்டிக்கையும் சுருக்கிவிடும். நுண்துகள் உள்ள மாதிரிப் பெயின்டைக் கலந்து, டேஷ்போர்டு மூடியோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டார்கள். கண்ணாடிகளை வெள்ளைப் பசையால் ஒட்டினார்கள். சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் வெண்படலம் படரவிடும். ரெசின் பாகங்களுக்கு அதைப் பயன்படுத்திய நாட்களில் கண்ணாடி பக்கத்தில்கூட இல்லை.

ஒப்படைத்த பின்

உரிமையாளர் மாதிரியைக் கையில் வாங்கியதும் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். பிறகு முன் சட்டத்தைக் காட்டி, இழுவைக் கம்பி மாட்டும் இரண்டு காதுகள் எங்கே என்று கேட்டார். அன்று பலர் பந்தயக் காரை டிரெய்லரில் ஏற்றவில்லை. சொந்தக் காரின் பின்னால் கட்டி நான்கு சக்கரத்திலும் உருட்டியே இழுத்துப் போனார்கள். வெஸ்ட் சேலம் ஊரிலுள்ள டிராக்வே 42 பந்தயக் களத்துக்கு அவர் போனதும் அப்படித்தான். படங்களில் அந்த இடம் நிழலில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பித்தளைத் தகட்டில் இரண்டு காதுகளை வெட்டித் துளையிட்டுப் பிறகு பொருத்தினார்கள்.

சில மாதங்கள் கழித்து வேறொரு குறை தெரிந்தது. மாதிரி நின்ற பிளாஸ்டிக் பீடத்தில் டயர்களின் அடியில் நான்கு பள்ளங்கள். பழைய கிட்களின் டயர் மென்மையாக்கி சேர்த்த வினைல். அந்த மென்மையாக்கி மெல்ல வெளியேறி, தொடும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். சக்கரங்களின் உட்புறத்தை அலுமினியத் தாளால் காத்திருந்ததால் அவை தப்பின. பீடத்தை யாரும் நினைக்கவில்லை. அதை மாற்றி மரப்பீடம் வைத்தார்கள்.

அடுத்த முறை மாறுபவை

கட்டுநர் தன் குறிப்பேட்டில் எழுதியவற்றோடு என் கருத்தையும் சேர்த்துத் தருகிறேன்.

பழைய கிட் வாங்கும் முன் கண்ணாடிகளின் படத்தைத் தனியாகக் கேட்டு வாங்குவது. உடலும் கண்ணாடியும் இருந்தால் மற்றவை கிடைக்கும் அல்லது செய்துகொள்ளலாம்.

காரை அறிந்தவரிடம் முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்பது: காரைக் களத்துக்கு எப்படிக் கொண்டுபோனீர்கள், சோதனையில் எதை அளந்தார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை தற்செயலாகக் கிடைத்தது. முதலாவது கேட்கப்படவே இல்லை. எஞ்சின் பற்றியும் நிறம் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள், அவற்றுக்குப் படமும் சாட்சி சொல்லும். படத்தில் விழாதவற்றுக்கு ஆள் மட்டுமே சாட்சி.

எஞ்சினின் உயரத்தை, சட்டத்தில் எதையும் ஒட்டுவதற்கு முன்பே பித்தளைத் துண்டால் பார்ப்பது. இம்முறை ஒட்டாமல் நிறுத்திப் பார்த்ததால் சேதமில்லை. 1/25இல் கட்டினால் துண்டின் உயரம் 24.4 மி.மீ.; கட்டுநர் இப்போது இரண்டையும் பெயரெழுதி வைத்திருக்கிறார்.

ஸ்லிக் டயர்களுக்கு வினைலுக்குப் பதில் ரெசின் வார்ப்பு. தொட்டால் ரப்பர்போல் இராது, ஓரத்தில் உப்புத்தாள் வேலை கூடும், விலையும் அதிகம். முன்கண்ணாடிக்காக இரண்டாவது கிட்டுக்குப் போன பணத்தில் அதை வாங்கியிருக்கலாம்.